கொண்டு கொடுத்த வகை

சவூர் மலைச்சரிவில் ஆடுகள் முந்திக்கொண்டன.
போன மாதம் பூத்திருந்த காட்டுக்கடலையில்
காம்புதான் மிச்சம்.
"புல்தானே?" என்கிறான் கெலெஷ்,
தடியில் தாடையை ஊன்றியபடி.

ஆடு விட்ட நெற்றை நண்பகல் வெடித்துவிட்டது.
தொடும் முன்பே சிதறும் சாதி.
யாருக்கும் கையில் கொடுத்துப் பழகாதது.
வயல்கடலையோ
பத்தாயிரம் வருஷமாய் வாய் திறக்காமல்
அரிவாளுக்குக் காத்திருக்கிறது.

ரூகென் குப்புறப் படுத்து
எறும்புவளைக்குள் இடுக்கியை விட்டாள்.
பதினேழு விதை.
கறுப்பு, சொரசொரப்பு,
மேலெல்லாம் வலை அழுந்திய தடம்.
எறும்புகள் எங்களைக் கடித்தன.
கடிக்கட்டும், அவற்றின் குதிர் அது.

மறுவருஷம், தியார்பக்கிர், கண்ணாடிக்குடில்.
தோலைக் கத்தியால் கீறிய பிறகே முளைத்தன,
பன்னிரண்டு.
விடிவதற்குள் அவள்
வயல்கடலையின் வெள்ளை மொட்டைப் பிரிப்பாள்,
பத்து மகரந்தப்பையையும் கிள்ளி எறிவாள்,
காட்டுப்பூவின் தூளைத் தொட்டுவைப்பாள்.
சிவப்பு நூல் கட்டித் தேதி எழுதுவது நான்.
பெரும்பாலும் மூன்றாம் நாள்
நூல் மட்டும் தரையில் கிடக்கும்.

அடுத்த மலையின் முள்விதைக் கடலையையும்
கூட்டிப் பார்த்தோம்.
பிள்ளைச்செடி பூத்துக் குலுங்கியது;
பூவுக்குள் தூள் இல்லை, வெறும் உமி.
முகஜாடை இருந்தது, வம்சம் இல்லை.

திரையில் அவளுக்கு எழுத்துகள் ஓடும்,
எத்தனை ஒன்று, எத்தனை வேறு என்று.
எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்:
கொண்டு கொடுக்க முடிந்தால் உறவு.
என் அக்கா பெரிதானை
ஆற்றுக்கு அக்கரையில் கொடுத்த அன்று
முப்பது வருஷத்து வெட்டுக்குத்து நின்றது.
எங்கள் வயல்கள் விளைந்தன.
அவளை யாரும் கேட்கவில்லை.
அவளும் இன்றுவரை சொல்லவில்லை.

ஐந்நூற்றுச் சொச்சம் நூலில் ஒன்பது பிழைத்தன.
அடுத்த பருவம்
வெள்ளைப்பூத் தாயின் மடியில் வளர்ந்தது
ஊதாவாய்ப் பூத்தது.
"அப்பன் பேர் எழுதியிருக்கு பார்" என்று
ரூகென் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மழையில் வெளி வயலெல்லாம் கருகல் நோய்.
இலையில் வட்டம் வட்டமாய்ப் புள்ளி.
ஊதாப்பூச் செடிகளை அது எட்டிப் பார்த்தது,
நாலு இலையோடு நின்றது.
ஏன் என்று அவளுக்கும் இன்னும் தெரியாது.
எழுதிவைத்திருக்கிறாள்.

அறுவடை அன்று முதல் நெற்றைத் தொட்டேன்.
பட்டென்று வெடித்தது.
விதை எங்கோ தெறித்தது, மேசைக்கு அடியிலோ,
வாய்க்காலிலோ.
தாயின் வெள்ளை அதற்கு வந்திருக்கலாம்,
தாயின் பொறுமை வரவில்லை.

மண்டியிட்டு விளக்கடித்துத் தேடினோம்.
கிடைக்கவில்லை.
வாசலோரம் எறும்புச்சாரை ஒன்று போயிற்று.
நான் அவளிடம் காட்டவில்லை.