எபனேசர் சாருக்குச் சொன்னதும் சொல்லாததும்

சயான் ஸ்டேஷனுக்கு வெளியே இட்லிக் கடையில்
ரெக்ஸின் பையிலிருந்து கட்டுக் கட்டாக எடுத்து
மேசைமேல் அடுக்கினீர்கள்.
எழுநூற்று முப்பது பக்கம்.
சாம்பார்க் கிண்ணத்தை
நான் மடிக்கு மாற்றிக்கொண்டேன்.

"புத்தகமாப் போட எவ்வளவும்மா ஆகும்?"
இதுதான் உங்கள் முதல் கேள்வி.

ஒரு பைசா ஆகக் கூடாது சார்.
எண்பதாயிரம் கொடுங்கள், முந்நூறு பிரதி தருகிறோம் என்று
கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தவர்
பதிப்பாளர் இல்லை, அச்சகக்காரர்.
அச்சடிப்பது பாவமில்லை.
ஆனால் அந்த முந்நூறும்
தாராவியில் உங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறையில்
கட்டிலுக்கடியில்தான் தூங்கும்.
மழைக்கு முதலில் நனைவதும் அவைதான்.

ஒப்பந்தம் வந்தால் படியுங்கள்.
வாடி பந்தர் குட்ஸ் ஷெட்டில்
ஒரு மூட்டை குறைந்தாலும் கையெழுத்துப் போடாதவர் நீங்கள்.
அந்தக் கண்ணோடு படியுங்கள்.
எத்தனை வருஷம், எத்தனை பிரதி,
இந்தியில் வந்தால் யாருக்கு, ஒலிநூல் ஆனால் யாருக்கு.
"அனைத்து உரிமைகளும்" என்று கண்ணில் பட்டால்
பேனாவை மூடிவிடுங்கள்.

(நான் மூடவில்லை.
முதல் புத்தகத்துக்கு, காட்கோபர் லேபில்,
ஒரு கையில் ரத்தக் குழாய்த் தட்டு,
மறு கையால் போட்டேன்.
நம்மையும் ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற சந்தோஷம்.
இதை உங்களிடம் சொல்லவில்லை.)

ராயல்டி கேட்டீர்கள்.
போன வருஷம் வந்தது ஆயிரத்து நூற்று அறுபது.
என் புத்தகத்தையே பத்துப் பிரதி
சென்னையிலிருந்து வரவழைத்த கூரியர் எண்ணூறு.
மீதியில் ரயில் பாஸ் எடுத்தேன்.
எழுதுவதே ரயிலில்தான் என்பதால்
கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.
உங்களுக்குப் பென்ஷன் வருகிறது.
அதைவிடப் பெரிய இலக்கிய விருது கிடையாது.

இனி நாவல்.
பிறந்த ஊரில் தொடங்கி
நூற்றுப் பத்துப் பக்கம் ஆற்றிலேயே குளிக்கிறீர்கள்.
பிறகு கல்யாணம். பிறகு சீட்டுக் கம்பெனி.
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரு வேகன் காணாமல் போகிறது.
நாசிக்கில் கிளம்பிய வெங்காயம்
ஏட்டில் வந்து சேர்ந்திருக்கிறது,
தண்டவாளத்தில் இல்லை.
டார்ச்சோடு இரவெல்லாம் யார்டில் அலைகிறான் உங்கள் ஆள்.
விடியும்போது மூக்கால் கண்டுபிடிக்கிறான்.
அந்தப் பக்கத்தில் நான்
சயானில் இறங்க மறந்து தாதர் போய்விட்டேன்.

அங்கே தொடங்குங்கள் சார்.
ஆற்றை எடுத்துவிடுங்கள்.
"துயரம் கவ்வியது" ஒன்பது இடத்தில் வருகிறது,
எண்ணினேன்.
கவ்வுவது நாய்.

நீங்கள் கோபப்படவில்லை.
வரிசை மாறாமல் கட்டுகளைப் பைக்குள் வைத்தபடி,
"யார்டுல காலி வேகனையும் எண்ணித்தாம்மா ஆகணும்.
இல்லேன்னா சரக்கு வேகன்
எங்க நிக்குதுன்னே தெரியாது" என்றீர்கள்.

எனக்குப் பதில் தோன்றவில்லை.
இட்லிக்கும் நீங்களே காசு கொடுத்தீர்கள்.

நீங்கள் ரோட்டைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.
எல்லாம் சொன்னேன்,
முதலில் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன்.
ஜூன் வருகிறது, எல்லாம் கையெழுத்துப் பிரதி.
டாக்சிகளுக்கு நடுவே ஓடிவந்து
"சார், ஜெராக்ஸ்?" என்று கத்தினேன்.

பஸ்ஸின் படியில் நின்று திரும்பினீர்கள்.
"மூணு காப்பிம்மா. ரயில்வேக்காரன்ல?
அனுப்புறவனுக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு,
சரக்கு வாங்குறவனுக்கு ஒண்ணு.
வாங்குறவன் யாருன்னுதான்
இன்னும் தெரியல."