முப்பது டிகிரி

தண்டையார்பேட்டையில் எங்கள் தொட்டி
ஒரு காலத்தில் காசிமேட்டு ஐஸ் பெட்டி.
ஹீட்டர் முப்பது டிகிரியைத் தொட்டதும்
கொஞ்சம் வஞ்சிர வாசம் வரும்.
பெனடிக்ட் அண்ணன் ஊதுபத்தி ஏற்றுவார்,
சாம்பல் விழுமென்று அவரே அணைப்பார்.

ஃபிலிமை விரிப்பது என் வேலை.
நடுவை முதலில் தண்ணீரில் படவிட்டு
இரண்டு ஓரத்தையும் மெல்லக் கைவிட வேண்டும்.
அடியில் ஒரு குமிழ் மாட்டினாலும்
அந்த இடம் மொட்டை.
அறுபது எண்ணுவேன்.
நாற்பதில் யாராவது கூப்பிடுவார்கள்,
மெட்ரோ லாரி வந்திருக்கும்,
அல்லது கரண்ட் போயிருக்கும்.
மருந்து அடித்ததும்
ஃபிலிம் கரைந்து
மை மட்டும் மிதக்கும்,
தாள் இல்லாத படம்.
எதிலாவது ஒட்டிக்கொள்ள அதற்கு
இரண்டு நிமிஷம்கூட இல்லை.

புல்லட் டேங்க் இறக்கியிருக்கிறேன். ஹெல்மெட்டுகள்,
கேரம் கிளப்பின் கோப்பை,
ஒரு வக்கீலின் கார் டேஷ்போர்டில் தேக்கு,
புளியந்தோப்புப் பையனின் செயற்கைக் கால்
(தீச்சுவாலை கேட்டான். முட்டிக்குக் கீழே நன்றாக விழுந்தது).
பெயின்ட் எதிரே இருப்பதைத்தான் பார்க்கும்.
தண்ணீர் அப்படியில்லை.
மடிப்பு, பொந்து, போல்ட்டின் ஆறு பக்கம்,
தான் நுழையும் இடமெல்லாம்
படத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

வியாழக்கிழமை நெட்டுக்குப்பத்திலிருந்து ஒருவர்,
ஷேர் ஆட்டோவில், மடியில்
ஃபைபர் போட்டு இன்ஜினின் மேல்மூடி.
தேசப்பன் என்று ரசீதில் எழுதினேன்.
"பொண்ணு புலிப்புள்ளி கேட்டா.
போட்டு அவ பேர்லதான் கீது."
புலிக்குக் கோடு, சிறுத்தைக்குத்தான் புள்ளி என்றேன்.
"எதுவோ ஒண்ணு. பூனைக்கு மேல இருந்தா சரி."

உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.
தொட்டியையே எட்டிப் பார்த்து நின்றார்.
நான் மருந்தடித்தேன்.
மை நெளிந்து, பரவி,
ஒரு நொடி நீலமும் ஊதாவுமாய் மினுங்கியது.
அவர் லுங்கியை இரண்டு கையாலும்
தூக்கிப் பிடித்தார்,
முழங்காலுக்கு மேலே,
காய்ந்த தரையில்.

யாரும் சிரிக்கவில்லை.
பெனடிக்ட் அண்ணனுக்குச் சடையங்குப்பம்.

"அந்தப் புயல் மழையில ராத்திரி வந்துச்சு, கருப்பா.
வெள்ளம் வடிஞ்சிடுச்சு.
எண்ணெ நின்னுக்கிச்சு.
இடுப்பு வரைக்கும் கோடு.
செவுரு, பீரோ, ஃப்ரிட்ஜு,
ஆத்துல கட்டியிருந்த போட்டு,
அதும்மேல குந்துன கூழைக்கடா.
பிரைமர் அடிச்சியா, வார்னிஷ் அடிச்சியா,
ஒண்ணும் இல்ல. இன்னும் போவல."

மூடியைச் சாய்த்து
மெதுவாக இறக்கினேன்.
அவர் மூச்சு விடுவது கேட்டது.
முழுசாக முங்கியதும்
மேலே மிச்சமிருந்த மையைக் கையால் விலக்கி
ஒரு வழி செய்து
அதன் வழியாகத் தூக்கினேன்.

"இப்ப இன்னா பண்ண?"

மிச்சத்தை ஒதுக்கினேன்,
இல்லாவிட்டால் மேலே ஏறும்போது
மறுபடி ஒட்டும்.

"ஓ," என்றார். "ஏறும்போது."

கொழகொழப்பைக் குழாயில் கழுவி
வெயிலில் வைத்தோம்.
மூக்குப் பக்கம் புள்ளிகள்
கொஞ்சம் இழுத்து, நீளமாய்.
அதைக் காட்டி நூறு குறைக்கச் சொன்னார்.
ஐம்பது குறைத்தோம்.
வார்னிஷ் காயணும், திங்கட்கிழமை வாங்க.

கிளவுஸ் கிழிந்திருந்தது
அப்புறம்தான் தெரிந்தது.
விரலிடுக்கில், ரேகையில்,
மோதிரத்துக்கு அடியில் சிறுத்தை.
தின்னர், சோப்பு, கல்லுப்பு,
ஒன்றுக்கும் அசையவில்லை.
தோல்தானே, நாலு நாளில் உரியும் என்றார் அண்ணன்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்தேன்.
அம்மா இடுப்பிலிருந்த ஒரு வாண்டு
என் கையையே பார்த்துவிட்டு
"உர்" என்றது.
நானும் "உர்" என்றேன்.