விடியலில் முப்பத்தெட்டு

ஊசியில் வந்த துண்டுகள் மூன்று,
நகம் வெட்டிய சீவல் அளவு.
கூடவே ஒரு தாள்:
தியாகேசன், ஐம்பத்திரண்டு, நீடாமங்கலம்.
கணையத்தின் வாலில் கட்டி. கல்லீரலில் ஒன்பது.
முடிவில் ஒரு கேள்விக்குறி.
அது கேள்வியே இல்லை.
இப்படி ஒரு வரியைப் படித்தால்
தஞ்சாவூர் மெடிக்கலில் எல்லோரும்
மாதங்களைத்தான் எண்ணுவோம்.

மைக்ராஸ்கோப்பில் வேறு மாதிரி.
நாற்றங்கால் போல் ஒரே உயரச் செல்கள்,
உட்கருவில் ரவை தூவியதுபோல் பொடிப்பொடியாய்.
முரட்டுக் கட்டி
இவ்வளவு வரிசையாய் நிற்காது.

நான் வார்டுக்குப் போகிறவள் இல்லை.
அன்று போனேன்.
செங்கமலம் கையில் பால் கணக்கு நோட்டு,
பின்பக்கத்தில் அவர் விழுந்த நாட்கள்.
மார்கழி பதினொன்று, நாலரை மணி,
ஷட்டர் சக்கரத்தைப் பிடித்தபடி உளறல்.
ஏகாதசி, இரண்டு தடவை.
மகள் நிச்சயதார்த்தம், பந்தி தாமதம்,
சம்பந்தியைக் கெட்ட வார்த்தை.
"குடின்னாங்க. வலிப்புன்னு மாத்திரை குடுத்தாங்க.
டீயில சர்க்கரை அள்ளிப் போட்டா
மனுசன் திரும்பி வந்துடுவாரு."
மூன்று வருஷம்.
அவசரக்காரப் புற்று
மூன்று வருஷம் காத்திருக்குமா?

பட்டினி போட்டார்கள்,
குளுக்கோஸைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு.
மூணாறு தலைப்பு லஸ்கர் அவர்.
வெண்ணாறு மூன்றாய்ப் பிரிவது
அவர் திருகும் திருகில்.
உள்ளே ஒரு மதகு மட்டும் மூடவில்லை.
வயிறு காய்ந்து கிடக்க
இன்சுலின் பாய்ந்துகொண்டே இருந்தது.

பதினாலாம் மணி நேரம்.
வியர்வை. விடியலில் சர்க்கரை முப்பத்தெட்டு.
ஹவுஸ் சர்ஜன் பையனிடம் கேட்டாராம்:
"கோரையாத்துக்கு எத்தனை அடி விடணும் சார்?"
மருந்து ஏறியதும்
வெட்கத்தோடு வேட்டியைச் சரிசெய்துகொண்டாராம்.

சாயம் இரண்டும் பழுப்பாய்ப் பிடித்தன.
பெருகும் வேகம் நூற்றுக்கு நாலு.
எழுதினேன்: நரம்புச் சுரப்பிக் கட்டி,
கல்லீரலுக்குப் பரவியது, மெதுவானது.
ரிப்போர்ட்டில் அடிக்கோடு போடும் வழக்கமில்லை.
கடைசிச் சொல்லுக்குப் போட்டேன்.

"கொணமாயிடுமா?"
"முழுசா ஆகாது. ஆனா
வருஷக் கணக்குல பேசலாம்."

செங்கமலம் நோட்டைப் புரட்டி
மிச்சமிருந்த தாள்களை விரலால் எண்ணினாள்.
"இன்னொண்ணு வாங்கணும்" என்றாள்.