பிற

ஒன்பது வருசம் றுப்உல் காலியில்
பை கட்டினேன்.
துளைக்கருவி மண்ணைத் துப்பும்,
அதைத் துணிப்பையில் அள்ளி
ஆழத்தை எழுதி முடிச்சுப் போடுவேன்.
நாற்பது மீற்றர். நாற்பத்திரண்டு. நாற்பத்துநாலு.
உன் இலக்கம் அழகென்று
பலூச்சி ஜும்மாகான்
சிகரட் ஒன்று கூடத் தருவான்.

அங்கே மணலின் நிறம்
வேளையைப் பொறுத்தது.
சுபஹுக்குச் சாம்பல்.
லுஹருக்குக் கண் திறக்க விடாத வெள்ளை.
அஸர் தாண்டினால் கறுவாப்பட்டை.
கீழே எண்ணெய் இருந்தது, வாயு இருந்தது,
எப்போதோ செத்துப்போன ஏரியொன்றின்
சிப்பி ஓடுகூட இருந்தது.
குடிக்கத்தான் ஒன்றுமில்லை.
இருநூறு கிலோமீற்றர் உருண்டு வருகிற
பவுசர்த் தண்ணீர்
இறப்பர் மணக்கும்.

என் வீட்டுக் கூரை அந்த எண்ணெய்.
பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது பொத்துவில். யூலை.
மேற்கு மலையில் ஈரத்தையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு
வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறது கச்சான்.
வயல் வெடித்துக் கிடக்கிறது.
களப்பு தன் விளிம்பைச் சுருட்டிக்கொண்டு
நடுவுக்குப் போய்விட்டது.
மண்மலை இரவில் நடக்கிறது;
இராவணன் மீசையின் முள்ளுருண்டைகள்
அதற்கு முன்னால் ஓடுகின்றன.

பாலை என்றால் எங்கள் பக்கம் பழம்.
பாணமை றோட்டில் சுண்டால் அளந்து விற்பார்கள்.
தின்றால் உதட்டோடு உதடு ஒட்டும்.
நான் போயிருந்த பாலையில்
அப்படி ஒட்டுவதற்கு
எதுவும் காய்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டபுள்கெப் ஒன்று வந்தது.
கறுப்பு மணல் பார்க்க வந்த தரிந்து என்கிற பெடியன்
பை கட்டத் தெரிந்த ஆள் கேட்டான்.
நாளுக்கு இரண்டாயிரத்தைந்நூறு.
கை தானாக எழும்பியது.

காந்தத்தைச் சீலையில் சுற்றிக் கிட்டக் காட்டினால்
கறுப்பு மட்டும் எழுந்து நிற்கிறது,
பயந்த பூனையின் முதுகு மாதிரி.
படிவத்தில் இல்மனைற்றுக்கு ஒரு கட்டம்,
உரூத்தைலுக்கு, சேர்க்கோனுக்கு, கார்னெற்றுக்கு.
கடைசியில் ஒடுங்கலாக,
விரல் நகமளவு: பிற.

பதினேழாம் முளை
பஸீலாவின் பூவலுக்கு
மூன்று எட்டுத் தள்ளி விழுந்தது.
அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச்
சிரட்டையோடு குந்தியிருந்தாள்.
அரை மீற்றரில் கறுப்பு வரி.
ஒன்றில் தடித்த கறுப்பு.
ஒன்றரையில் கருவியின் சத்தம் மாறியது.
ஒன்பது வருசமாக
என் காது கேட்காத சத்தம்.

மாரியில் விழுந்த மழை
கடலுப்பின் மேல் மிதந்து கிடக்கிறது,
பாலின் மேல் ஆடை படிந்தது போல,
அவ்வளவு மெல்லிசு.

"மச்சான், இந்தக் கறுப்ப அள்ளினா
மேடு இரிக்குமா?"
பேசாமல் முடிச்சைப் பார்த்தேன்.
"மேடு இல்லாட்டி இந்தத் தண்ணி
எதுக்குள்ள நிக்கும்?"

பிற என்ற கட்டத்தில் எழுதினேன்: தண்ணி.
தரிந்து எட்டிப் பார்த்தான். கோபப்படவில்லை.
"கொழும்பில் காயவைத்துத்தான் நிறுப்பார்கள், அண்ணே.
போய்ச் சேரும்போது அது இருக்காது."
பை என் உள்ளங்கையில்
குளிர்ந்து கனத்தது.

இரவு முழுக்கக் கச்சான்.
விடியப் பார்த்தால் மணலில்
நேற்றென்று ஒன்று நடந்த அடையாளமில்லை.
சிவப்பு ரிபனோடு முளைகள்
அங்கொன்று இங்கொன்றாகத் தலை நீட்டின.
பதினேழைக் காணவில்லை.
தரிந்து வெயிலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்,
போத்தலைக் கவிழ்த்து உதறிப் பார்த்தான்.
பஸீலா கூப்பிட்டுச் சிரட்டையை நீட்டினாள்.
மடமடவென்று குடித்தான்.
வாயைத் துடைக்காமலே
இன்னொன்று கேட்டான்.

குடத்தின் அடியிலிருந்து
சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது.
அவள் அதைப் பார்த்தாள்,
பிறகு என்னை.

நான் பைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கினேன்,
சத்தமாக, கணக்குக்காரன் மாதிரி.
பதினைந்து.
பதினாறு.
பதினெட்டு.