புதன்கிழமைக் கதவு

குளியலறைக் கதவைக் கழற்றிக் கொண்டுபோன தச்சன்
புதன் என்றான்.
எந்தப் புதன் என்று சொல்லவில்லை.

பழைய பெட்ஷீட் ஒன்றைத் தொங்கவிட்டு
வீட்டில் சட்டம் போட்டோம்:
உள்ளே நிற்பவர் சத்தம் தரவேண்டும்.
இவர் செருமுவார்.
சின்னவள் பதினேழாம் வாய்பாடு, ஜெர்மனில்.
ஆரூரன்,
பதினைந்து வயது, ‘ம்’ தவிர வேறு மொழி மறந்தவன்,
பல்லுத் தீட்டியபடி கதைக்கத் தொடங்கினான்.
கணக்கு டீச்சரின் நாய்,
தொங்குரயிலில் நித்திரையாகி
ஓபர்பார்மன் வரை போனது,
லேனா என்றொரு பெயர், இரண்டு தரம்.
வெளியே நான்
சுவர்க்காகிதம் உரிக்கிற சாட்டில்
ஒரே இடத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

வெள்ளி பின்னேரம், பீட்சாக் கடையில்,
சுகிர்தாவுக்கும் நிவேதினிக்கும்
சிரிக்கச் சிரிக்க இதைச் சொன்னேன்.
"உன்ர தலைமயிரில சுண்ணாம்படி" என்றாள் சுகிர்தா.
கழுவப் போனேன்.
தாழ்ப்பாள் போட்ட கதவுக்குள் நின்று
உரக்கச் செருமினேன்.

வீடு வந்தால்
படிக்கட்டில் சாய்ந்து நிற்கிறது கதவு.
"பூட்டட்டோ?" என்றார் இவர்,
கையில் ஸ்குரூட்ரைவர்.

ஷீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிறது.
"அம்மா, நிக்கிறீங்களோ?"

காய்ந்த வார்னிஷில் விரல் வைத்து
இன்னும் ஈரம் என்றேன்.