காசளவு

இரவு ஒன்பது நாற்பது. மூணாறு தலைப்பில் தண்ணீர் ஏறுகிறது.
வலங்கைமான் வீட்டிலிருந்து அருள்தாஸ் சார்
நீர்மட்டம் பார்க்க உள்ளே வருகிறார்.
மறுக்கப்பட்டது.
கடவுச்சொல் சரிதான். மறுபடி அடிக்கிறார்.
மறுக்கப்பட்டது.
குடவாசலிலிருந்து இன்னொருவர். அவருக்கும் அதேதான்.

நீடாமங்கலம் ஆபீசில் கொசு விரட்டியபடி
பதிவுகளை மேலும் கீழுமாக உருட்டுகிறேன்.
'சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.'

அப்படியா சங்கதி.
சாயங்காலக் கரண்ட் கட்டில் அணைந்து எழுந்த சர்வர்
இன்று இரண்டாயிரம், ஜனவரி ஒன்று என்று நம்புகிறது.
அதன் கணக்கில்
அருள்தாஸ் சார் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்,
நான் பிறக்கவே இல்லை.
பிறக்காதவளிடம்தான்
எல்லாரும் போனில் கத்துகிறார்கள்.

"என்னைத் தெரியாதாம்மா உன் மிஷினுக்கு?"
உங்களைத் தெரியும் சார்.
தேதிதான் தெரியாது.

கையாலேயே இருபத்தைந்து வருஷத்தைத் தள்ளி வைத்தேன்.
ஒருவர் பின் ஒருவராகப் பச்சை.
ஷட்டர் அரையடி ஏறியதாக
பதினொன்றே காலுக்குச் செய்தி வந்தது,
நன்றி என்ற சொல் இல்லாமல்.

காலையில் கடைத்தெரு, ஜபருல்லா வாட்ச் கடை.
"எந்த வாட்சுக்கும்மா?"
வாட்ச் இல்லை பாய், என்று நிறுத்திக்கொண்டேன்.
காசளவு பேட்டரி, நாற்பது ரூபாய்.
பில்லில்
தேதி போடச் சொன்னேன்.