கைது செய்யப்படும் பட்சத்தில்

சித்திரை இருபது.
கரண்டு போன மூன்று மணி நேரத்தில்
என் கொட்டாயில் செத்தவை
ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டு.
குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம்.
மறுவாரம் வந்த கம்பெனி சூப்பர்வைசர்
குழிப்பக்கம் திரும்பவே இல்லை.
அட்டையைப் பார்த்தார், ஐயாயிரம் குஞ்சு.
மிச்சத்தை எண்ணினார்.
குறைந்ததை நான் விற்றுவிட்டேனாம்.
நம்பிக்கை மோசடி என்று
எழுதிக் கொடுத்துவிட்டார்கள் ஸ்டேஷனில்.

"ஏழு வருசத்துக்குள்ள முடியற கேசுங்க,
நோட்டீஸ் குடுத்துத்தான் கூப்பிடோணும்.
எடுத்த ஒடனே கைது பண்ணப்படாது"
என்றார் வக்கீல் கலாமணி, வடையைப் பிய்த்தபடி.
நோட்டீஸ் வரவில்லை.
ஏட்டு வந்தார், இரண்டு பெண் போலீசோடு,
வெள்ளிக்கிழமை அஞ்சே முக்காலுக்கு.

வெள்ளி பிடித்தால் திங்கள்வரை கேட்க நாதியில்லை.
பொழுது விழுந்தால் பெண்பிள்ளையைப் பிடிக்கக் கூடாது.
இரண்டு கணக்கும் கூடுகிற நேரம் அது.

தீவன லாரி கிளம்பிக்கொண்டிருந்தது.
டிரைவர் செங்கோடன் ஒன்றும் கேட்கவில்லை,
கதவைத் திறந்து வைத்தான், அவ்வளவுதான்.

அதிலிருந்து என் நாள் தலைகீழ்.
பெதப்பம்பட்டிக்கு அக்கட்டால ஒரு தென்னநார்க் களம்,
மஞ்சித் தூசியில் பகலெல்லாம் இருமல்.
காற்றாடிகள் சுற்றுகிற பக்கம் சிவந்து இருட்டியதும்
எழுந்து முகம் கழுவுவேன்.
வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி
கொட்டாயில் தண்ணீர்க் குழாய் பார்த்து
மகனின் கணக்கு நோட்டில் கையெழுத்துப் போட்டு
கோழி கூப்பிடும் முன்னே கிளம்பிவிட வேண்டும்.
இரவில் மட்டும் நான் யோக்கியம்.
சூரியன் வந்தால் குற்றவாளி.

மனுவைக் குமாஸ்தா டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்தான்.
மனுதாரர் துளசிமணி, வயது நாற்பத்தொன்று,
நிரந்தர முகவரி உள்ளவர்,
தலைமறைவாக மாட்டார் என்று எழுதியிருந்தது.
நார்மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்து
அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.
கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.
கைது செய்யப்படும் பட்சத்தில்
பிணையில் விடுவிக்க வேண்டும்.
பூட்டாத பூட்டுக்குச் சாவி கேட்டு
முத்திரை ஒட்டி ஒரு விண்ணப்பம்.

திங்கள் வாய்தா. வியாழன் வாய்தா.
அடுத்த திங்கள் அரசு வக்கீல் சொன்னாராம்:
"செத்த கோழியைத் தோண்டியா பார்க்க முடியும்?"
ஏன், பார்க்கலாமே என்றாராம் நீதிபதி.
மத்தியானம் உத்தரவு.
இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும்.
தினமும் பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து,
இரண்டு வாரம்.

அண்ணனுக்கு அன்றைக்குப் பார்த்துச் சம்பந்தி வீட்டுச் சீர்.
நின்றது குமாஸ்தாவின் மாமனார் ஒருவர்.
இன்னொருவர் செங்கோடன்,
வீட்டுவரி ரசீதை லாரி ஆர்சி புத்தகத்துக்குள் வைத்திருந்தான்.

முதல் நாள். அதே ஏட்டு.
"வாங்கம்மா, உக்காருங்கோ" என்றார்.
அந்த 'ங்கோ' எங்கிருந்து வந்தது?
அந்த உத்தரவுத் தாளிலிருந்துதான்.
மேசையோடு சணலில் கட்டிய பேனா,
பாதிப் பெயரிலேயே இழுத்துப் பிடித்தது.

ஒன்பதாம் நாள்
ரைட்டர் மேசைக்குப் பக்கத்தில், தரையில்,
சட்டை இல்லாமல் ஒரு பையன்.
ஒடிசாவாம், நூல் மில்லாம்,
காப்பர் கம்பி காணோமாம்.
எப்பப் பிடிச்சாங்க என்று கேட்டேன். புரியவில்லை.
நோட்டீஸ் குடுத்தாங்களா என்றேன்.
என்னையும் போலீஸ் என்று நினைத்து
எழுந்து நின்றான், கையைக் கட்டிக்கொண்டு.

வெளியே காற்று பிடித்திருந்தது.
கலாமணிக்குப் போன் போட்டேன்.
"உங்க கேசாம்மா?" என்றார்.
இல்லீங் என்றேன்.
அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல்
வெள்ளிக்கிழமைங்க இன்னைக்கு என்றேன்.